ஜெபத்தில் கர்த்தர் தூரமாய்த் தெரியும்போது செய்யக் கூடாதவை

முழங்காலில் நின்று அரைமணி நேரம் ஆகியிருக்கும். வாய் பேசிக்கொண்டே இருக்கிறது, உள்ளே ஒன்றும் அசையவில்லை. போன வருஷம் இதே பாட்டைப் பாடும்போது கண்ணீர் கொட்டியது, இப்போது கண் வறண்டு கிடக்கிறது. ஜெபம் கூரையைத் தாண்டுகிறதா என்றே சந்தேகம். அம்மா இறந்த பிறகு ஏழெட்டு மாதம் எனக்கு இப்படித்தான் இருந்தது. அப்போது நான் செய்த தவறுகளும், கூட இருந்தவர்கள் நல்ல மனதோடு செய்த தவறுகளும் இன்னும் எத்தனையோ வீடுகளில் நடக்கின்றன.

நான் செய்ததில் பெரிய தவறு, மனதில் இருப்பதை மறைத்துவிட்டு வேறொன்றைச் சொன்னது. உள்ளே "ஏன் ஆண்டவரே எடுத்துக்கொண்டீர்?" என்ற கேள்வி. வாயில் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்". அந்தக் கேள்வியைக் கேட்டால் அவிசுவாசம் ஆகிவிடுமோ என்று பயம். நெஞ்சில் இருப்பதைப் பூட்டிவைத்துக்கொண்டு பேசினால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கூட நமக்குத் தூரமாகத்தான் தெரிவார்.

வேதம் இந்த நடிப்பை நம்மிடம் கேட்கவே இல்லை. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்றுதான் 13ஆம் சங்கீதம் தொடங்குகிறது. அந்தச் சங்கீதமாவது கடைசியில் பாட்டாக முடிகிறது. 88ஆம் சங்கீதம் அப்படிக்கூட முடியவில்லை. ஏன் உம்முடைய முகத்தை எனக்கு மறைக்கிறீர் என்று கேட்கிறது, பதில் வராமலே நின்றுவிடுகிறது. எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல்லே 'இருள்' என்பதுதான். கோராகின் புத்திரரின் சங்கீதம் என்று தலைப்பு சொல்கிறது. இவ்வளவு கசப்பான ஜெபத்தை யாரும் வேதத்திலிருந்து எடுத்துப் போட்டுவிடவில்லை. "காலையிலே என் விண்ணப்பம் உமக்கு முன்பாக வரும்" என்ற வரியும் அதே சங்கீதத்தில்தான் இருக்கிறது. கோபத்தோடுதான், ஆனாலும் அதைப் பாடியவர் காலையில் எழுந்து வந்து நிற்கிறார். சிலுவையில் இயேசு எடுத்துச் சொன்னதும் 22ஆம் சங்கீதத்தின் முதல் வரியைத்தான்: "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" அதனால் உங்களுக்குச் சொந்த வார்த்தை வராவிட்டால் இந்தச் சங்கீதங்களை எடுத்துச் சத்தமாக வாசியுங்கள். அதுவும் ஜெபம்தான்.

அடுத்தது, உடனே பாவக் கணக்கைத் தோண்டுவது. வீட்டுக்கு வந்த ஒருவர் என்னிடம், "அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கு தம்பி, யோசிச்சுப் பாருங்க" என்றார். ஏசாயா 59:2ஐயும் காட்டினார். நம்முடைய அக்கிரமங்களே நமக்கும் தேவனுக்கும் நடுவே பிரிவினை உண்டாக்குகிறது என்ற வசனம். ஆனால் அடுத்த வசனங்களையும் படித்துப் பாருங்கள். கையில் இரத்தக்கறை, உதட்டில் பொய், நியாயத்துக்காகப் பேச ஆளில்லாத ஒரு ஜனம். தாயைப் பறிகொடுத்தவன் தலையில் கொண்டுபோய் அதைக் கட்டினால் எப்படி? யோபுவின் சிநேகிதர்கள் செய்ததும் இதுதான். கடைசியில் அவர்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்று கர்த்தரே கோபித்துக்கொண்டார் (யோபு 42:7). உங்களுக்கே நன்றாகத் தெரிந்த குற்றம் ஏதாவது இருந்தால், திருப்பித் தராத பணமோ, பேசாமல் இருக்கிற அண்ணனோ, சரி, அதை அறிக்கையிட்டுச் சரிசெய்யுங்கள். அப்படி ஒன்றும் இல்லையென்றால் தேடித்தேடி உங்களை நோகடித்துக்கொள்ள வேண்டாம்.

உடம்பை மறந்துவிடுவது இன்னொன்று. பிரசன்னத்தை உணர முடியவில்லையா, இன்னும் இரண்டு மணி நேரம் கூட்டு, உபவாசம் போடு, முழு இரவு ஜெபத்துக்கு வா என்பார்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டபோது தூதன் அவரை இன்னும் ஜெபிக்கச் சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டார், தூங்கினார். மறுபடி எழுப்பி மறுபடி சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையிலே கர்த்தரின் அந்த மெல்லிய சத்தத்தை அவர் கேட்டது அதற்கெல்லாம் பிறகுதான். பல வாரங்களாகத் தூக்கமே இல்லை, எதிலும் ஆசை இல்லை, உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள், உடனே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வு ஒரு நோய். அதை விசுவாசக் குறைவு என்று சொல்லி மாத்திரையை நிறுத்தச் சொல்பவரின் பேச்சைக் கேட்கவே கேட்காதீர்கள்.

வறண்ட நாட்களில் சபையை மாற்றுவது, ஊழியத்தை விடுவது போன்ற முடிவுகளும் வேண்டாம். இயேசு சபைத் துறவிகளின் சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டிலேயே தந்த அறிவுரை இது: மனம் தெளிவாக இருந்தபோது எடுத்த தீர்மானத்தை இருண்ட நேரத்தில் மாற்றாதே.

அப்புறம், யாரிடமும் சொல்லாமல் இருப்பது. அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007இல் புத்தகமாக வந்தபோதுதான் அவருடைய உள்ளம் உலகத்துக்குப் பரவலாகத் தெரிந்தது. 1958இல் வந்த ஒரு சிறிய இடைவெளியைத் தவிர, ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஜெபத்தில் தேவனை உணராமலே இருந்திருக்கிறார். அத்தனை வருஷமும் ஜெபத்தை விடவில்லை, கல்கத்தாவின் ஏழைகளையும் விடவில்லை. ஆன்மீக வழிகாட்டிகள் சிலரிடம் மட்டும் மனதைத் திறந்திருந்தார். அவர்களில் ஒருவரான யோசேப் நொய்னர் என்ற குருவோடு 1960களின் தொடக்கத்தில் பேசிய பிறகும் இருள் விலகவில்லை. ஆனால் அதை அவர் சுமந்த விதம் மாறியது.

நான் கடைசியில் சொன்னது எங்கள் சபையில் ஒரு வயதான பாட்டியம்மாவிடம். அவர் வசனம் எதுவும் சொல்லவில்லை, காரணமும் கேட்கவில்லை. "சரி தம்பி, நீ ஒண்ணும் பேச வேண்டாம். நான் ஜெபிக்கிறேன், நீ ஆமென் மட்டும் சொல்லு" என்றார். மூன்று மாதம் ஆமென் மட்டும்தான் சொன்னேன்.