தடைக்கால நிவாரணப் பையில் சத்து எவ்வளவு? நீங்களே கணக்குப் போடலாம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பாம்பனிலும் மண்டபத்திலும் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும் அந்த நாட்களில் எங்கள் குழு மளிகைப் பை கொடுக்கும். "15 கிலோ கொடுத்தோம்" என்று எடையைத்தான் பெருமையாகச் சொல்வோம். ஒருமுறை ஓர் அக்கா பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "அரிசிதான் ரேஷன்ல சும்மா தர்றாங்களே தம்பி, பருப்பு கூட ஒரு கிலோ போடக் கூடாதா?" என்றார். அதற்கப்புறம்தான் நோட்டை எடுத்தேன்.

1. பையில் உள்ளதை எழுதுங்கள்

எங்கள் பை: அரிசி 10 கிலோ, ரவை 1, துவரம்பருப்பு 1, சர்க்கரை 1, உப்பு 1, எண்ணெய் 1 லிட்டர், பிஸ்கட் சில. எண்ணெயில் கவனம்: லிட்டர் பாக்கெட்டில் 910 கிராம் என்றுதான் போட்டிருக்கும். உப்பு, புளி, மசாலாவைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். முண்டு மிளகாய் விளையும் ஊரில் மிளகாய்த்தூள் கொடுப்பதே வேண்டாத வேலை.

2. கலோரியாக மாற்றுங்கள்

100 கிராமுக்குத் தோராயமாக: அரிசி, ரவை 350, பருப்பு 330, கேழ்வரகு 320, வேர்க்கடலை 520, சர்க்கரை 400, எண்ணெய் 900. பிஸ்கட்டை விட்டுவிட்டால் எங்கள் பை ஏறக்குறைய 54,000 கலோரி.

3. ஆள்நாள் கணக்கு

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,000 கலோரி என்று வைத்து வகுத்தால் 27 ஆள்நாள், அதாவது ஓர் ஆளுக்கு 27 நாள் சாப்பாடு. நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு வாரம்கூட முழுதாக வராது. 15 நாளுக்கு ஆகும் என்று நாங்கள் நினைத்திருந்தோம்!

4. தேவையோடு ஒப்பிடுங்கள்

விஷயமே இங்கேதான். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி, 2,000 கலோரி சாப்பாட்டில் தானியம் 250 கிராம், பருப்பு 85, காய்கறி 400, பழம் 100, பால் 300 மில்லி இருக்க வேண்டும் என்கிறது. தானியத்திலிருந்து வரும் கலோரி 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எங்கள் பையில் அது 71 சதவீதம். பருப்பு? 1,000 கிராமை 27-ஆல் வகுத்தால் 37. பாதிகூட இல்லை. காய், பழம், பால் சுத்தமாக இல்லை.

5. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

அமெரிக்காவில் உணவு வங்கிகளுக்காக 2020-ல் வந்த வழிகாட்டி, பொருட்களைப் பச்சை (அடிக்கடி சாப்பிடலாம்), மஞ்சள் (எப்போதாவது), சிவப்பு (அரிதாக மட்டும்) என்று பிரிக்கிறது. நூடுல்ஸ் போன்ற தானியப் பொருளில் ஒரு வேளை அளவுக்கு 480 மில்லிகிராமோ அதற்கு மேலோ சோடியம் (உப்பில் இருப்பது) இருந்தால் சிவப்பு. 230-க்குள் இருப்பது பச்சைக்குத் தகுதி, ஆனால் முழுதானியமாகவும் இருக்க வேண்டும், கொழுப்பும் சர்க்கரையும் குறைவாக இருக்க வேண்டும். நம் பாக்கெட்டுகளில் 100 கிராமுக்கு எவ்வளவு என்று இருக்கும். 70 கிராம் நூடுல்ஸ் பாக்கெட்டில் 100 கிராமுக்குச் சோடியம் 1,000 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் உங்கள் கணக்கு 700. சிவப்பு.

கருவாட்டில் லேபிள் இல்லை; உப்பைப் பார்த்தால் அதுவும் சிவப்புதான். ஆனால் படகு போகாத நாளில் வீட்டில் இருக்கும் புரதம் அதுதான். நான் அதில் கை வைக்க மாட்டேன், ஊறவைத்து நாலு தண்ணீரில் அலசச் சொல்வேன்.

6. மாற்றி மறுபடி கணக்கிடுங்கள்

அரிசியைப் பாதியாக்கினோம். ரவைக்குப் பதில் கேழ்வரகு மாவு, சர்க்கரைக்குப் பதில் வேர்க்கடலை, பருப்பு 2 கிலோ. இப்போது 20 ஆள்நாள்தான். ஆனால் ஆளுக்கு ஒரு நாளைக்குப் பருப்பு 100 கிராம், தானியம் 51 சதவீதம். குறையும் அரிசியை ரேஷன் பார்த்துக்கொள்ளும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவில் கால்சியம் உண்டு, அரிசியில் 10 கூட இல்லை. பால் இல்லாத குறைக்கு அது கொஞ்சம் ஆகும். கீரைக்கு முருங்கை மரம் இருக்கிறது.

மிச்சம் முட்டை. தடைக்காலத்தில் மே மாதம் பள்ளி விடுமுறை. சத்துணவு முட்டையும் நின்றுவிடும். பையில் போட்டால் உடையும். அதனால் தெருக்கடையில் பேசி, பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வாரம் 6 முட்டைக்கு டோக்கன் கொடுத்தோம். மாதக் கடைசியில் கடைக்காரரிடம் சேரும் டோக்கனை எண்ணினால், எத்தனை முட்டை வீடு போய்ச் சேர்ந்தது என்று தெரிந்துவிடும்.