முதல் புரோகிராமிங் மொழி: எங்கே கோட்டை விடுகிறார்கள்?

பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு வேலூர், காட்பாடி கம்ப்யூட்டர் சென்டர்களில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "எந்த லாங்வேஜ் படிச்சா உடனே வேலை கிடைக்கும்?" கோணல் இந்தக் கேள்வியிலேயே தொடங்கிவிடுகிறது. புதியவர்களை எடுக்கும் ஐ.டி. நிறுவனங்களின் கோடிங் தேர்வுகளில் பெரும்பாலும் சி, சி++, ஜாவா, பைத்தான் என்று எதில் வேண்டுமானாலும் எழுதலாம். பத்து எண்களைக் கொடுத்தால் இரண்டாவது பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கத் தெரிகிறதா, திரும்பத் திரும்ப ஓடும் லூப்பை எங்கே நிறுத்துவது என்று தெரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது வேறு: அடுத்த மூன்று மாதத்தில் இதை வைத்து எதைச் செய்து பார்க்கப் போகிறோம்? ராணிப்பேட்டை சிப்காட்டில் மெஷின் பக்கம் போக நினைக்கும் டிப்ளமோ மாணவர் ஜாவாவில் ஆறு மாதம் உட்காருவது வீண். மெஷினை இயக்கும் பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுக் கருவியில் எழுதும் லேடர் லாஜிக்கும், அர்டுயினோ என்ற சின்ன எலக்ட்ரானிக் போர்டில் ஓடும் சி++-ம்தான் அவருக்குக் கைகொடுக்கும். ஆம்பூர் ஷூ கம்பெனி ஆபீசில் ஸ்டாக் கணக்குப் பார்ப்பவர் எக்செல் ஃபார்முலாவில் தேறி, டேட்டாபேஸில் தகவல் எடுக்க உதவும் எஸ்.க்யூ.எல். கற்று, அப்புறம் பைத்தானுக்கு வரலாம். மருத்துவப் புள்ளியியல் பக்கம் போகிறவருக்கு ஆர் மொழி. வெப்சைட் ஆசை இருந்தால் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., அதோடு ஜாவாஸ்கிரிப்ட். இதில் எதுவும் முடிவாகவில்லை என்றால் பைத்தானில் தொடங்குங்கள், தப்பில்லை.

கையில் இருப்பதை மறந்துவிட்டுப் புதிதாகத் தேடுவது இன்னொரு தவறு. 2018 முதல் வந்த தமிழ்நாடு பாடப்புத்தகங்களில் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியலில் சி++ இருக்கிறது, பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் இருக்கிறது. அதைப் படித்து மதிப்பெண்ணும் வாங்கியவர்கள், பணம் கட்டி "அடிப்படையிலிருந்து ஜாவா" என்று சேர்கிறார்கள். பள்ளியில் மனப்பாடம் செய்த அந்தப் பைத்தான் பாடத்தின் எடுத்துக்காட்டுகளை இப்போது டைப் அடித்து ஓட்டிப் பார்த்தாலே முதல் மாதம் மிச்சம்.

பழைய நோட்ஸ் செய்யும் சேதம் தனி. டர்போ சி++ நீலத் திரை இன்னும் பல இடங்களில் உயிரோடு இருக்கிறது. அது விண்டோஸ் பரவுவதற்கு முந்தைய டாஸ் காலத்துக் கம்பைலர், அதாவது நாம் எழுதியதைக் கம்ப்யூட்டர் ஓட்டும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள். அதில் முழு எண்ணை வைக்கும் ஒரு இன்ட் 16 பிட்தான். 32767-ஐத் தாண்டினால் சுற்றிக்கொண்டு மைனஸுக்குப் போய்விடும். 20000-ஐயும் 20000-ஐயும் இன்டாக வைத்துக் கூட்டினால் விடை -25536 என்று வரும். மாணவர் தன் லாஜிக்கில்தான் தப்பு என்று நினைத்து மணிக்கணக்கில் தேடுவார். கிளியர்ஸ்கிரீன், கோனியோ ஹெட்டர், வாய்டு மெயின் என்று அங்கே பழகியதை இன்றைய ஜி.சி.சி. கம்பைலரில் கொடுத்தால் பிழை மேல் பிழை. சி அல்லது சி++ என்று முடிவெடுத்தால் கோட் பிளாக்ஸ் என்ற இலவச மென்பொருள் போதும். ஆனால் டவுன்லோடு பக்கத்தில், பெயரில் மின்ஜிடபிள்யூ (mingw) என்று இருக்கும் ஃபைலையே எடுங்கள். அது இல்லாததை எடுத்தால் எடிட்டர் மட்டும்தான் வரும், கம்பைலர் வராது. பைத்தானிலும் இதே கதைதான்: பிரிண்ட் என்று எழுதி அடைப்புக்குறி போடாத நோட்ஸ் கிடைத்தால் அது பைத்தான் 2. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஒதுக்கி வையுங்கள்.

லேப்டாப்பைப் பார்க்காமல் மொழியைத் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு. 4 ஜிபி ராம் உள்ள மெஷினில் போன் ஆப் எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைப் போட்டுவிட்டு, அதில் எழுதும் கோட்லின் கஷ்டமான மொழி என்று சொல்வது நியாயமில்லை. அந்த மென்பொருள் குறைந்தது 8 ஜிபி கேட்கும், திரையிலேயே போனைப் போல் இயங்கும் எமுலேட்டரும் ஓட வேண்டுமென்றால் 16 ஜிபி. அதே 4 ஜிபி மெஷினில் பைத்தானும் அதோடு சேர்ந்தே வரும் ஐடில் (IDLE) எடிட்டரும் தாராளமாக ஓடும். ஜாவாஸ்கிரிப்டுக்கு அதுகூடத் தேவையில்லை. குரோமில் எஃப்12 தட்டி கன்சோலில் எழுதலாம். லேப்டாப்பே இல்லையா? ஆண்ட்ராய்டு போனில் பைத்தான் ஓட்டும் பைடிராய்டு 3 ஆப், கீபோர்டைப் போனில் இணைக்க ஒரு ஓ.டி.ஜி. கேபிள், ஒரு சாதாரண யு.எஸ்.பி. கீபோர்டு. போனின் தொடுதிரையிலேயே அடைப்புக்குறியும் இடைவெளியும் தட்டிப் பழகினால் ஒரு வாரத்தில் வெறுத்துப்போகும், ஆகவே கீபோர்டை வாங்கிவிடுங்கள்.

முதல் வாரத்து இடைஞ்சலை வைத்து மொழிக்குத் தீர்ப்பு சொல்வதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. விண்டோஸில் பைத்தான் போடும்போது முதல் திரையின் அடியில் பாத்தில் (கமாண்டுகளை விண்டோஸ் தேடும் இடங்களின் பட்டியல்) சேர்க்கவா என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்யாமல் விட்டால், பிறகு கமாண்ட் திரையில் பைத்தான் என்று தட்டும்போது மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொள்ளும். இன்ஸ்டாலரை மறுபடி ஓட்டி டிக் செய்தால் தீர்ந்தது. பைத்தானோடு தயாராக வரும் ரேண்டம் மாட்யூலைப் பழகுகிறோம் என்று ஃபைலுக்கும் ரேண்டம் என்றே பெயர் வைத்தால், பைத்தான் உங்கள் ஃபைலையே மாட்யூல் என்று நினைத்து எடுத்துக்கொள்ளும். வேர்டிலிருந்தோ பி.டி.எஃப்.பிலிருந்தோ காப்பி செய்தால் மேற்கோள் குறிகள் வளைந்து வரும், பைத்தான் அவற்றை ஏற்காது. கையால் டைப் அடியுங்கள்.

பிழையே காட்டாமல் தப்பு விடை தருவது இன்னும் மோசம். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் கிலோ 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தட்டுவதை வாங்கும் இன்புட் மூலம் விலையை வாங்கி, 2-ஆல் பெருக்கச் சொன்னால் பைத்தான் 80 என்று சொல்லாது, 4040 என்று சொல்லும். இன்புட் தருவது எண் அல்ல, எழுத்துச் சரம். சரத்தை 2-ஆல் பெருக்கினால் அது இரண்டு முறை எழுதப்படும். இன்ட் என்பதற்குள் போட்டு வாங்கினால்தான் 80 வரும். ஜாவாஸ்கிரிப்டுக்குத் தாவினால் பெருக்கலுக்கு 80 சரியாக வரும், ஆனால் 2-ஐக் கூட்டினால் 42-க்குப் பதில் 402. சி-யில் இன்புட் வாங்கும் ஸ்கேன்எஃப்புக்குள் ஆம்பர்சன்ட் (&) குறியை மறந்தால் புரோகிராமே விழுந்துவிடலாம். டேட்டா டைப், அதாவது கையில் இருப்பது எண்ணா எழுத்துச் சரமா என்பது, புரியாதவரை எந்த மொழிக்கு ஓடினாலும் இந்தத் தொல்லை பின்னாலேயே வரும்.

எனவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மொழி மாற்றாதீர்கள். தினம் ஒரு மணி நேரம் வீதம் மூன்று மாதம் ஒன்றிலேயே இருங்கள். மளிகைக்கடை பில்லைக் கணக்கிட்டு, ஃபைலில் சேமித்து, மறுநாள் திறந்து மொத்தம் காட்டும் புரோகிராமை எதையும் பார்க்காமல் எழுத வந்துவிட்டால் அடுத்த மொழிக்குப் போகலாம். ஏ.ஐ. சாட்பாட்டிடம் முழு கோடையும் வாங்கி ஒட்டுவது இந்தக் கணக்கில் சேராது. நீங்கள் எழுதியது ஏன் ஓடவில்லை என்று அதனிடம் கேட்பது பயன் தரும்.

45 நாளில் சி, சி++, ஜாவா, பைத்தான் எல்லாம் என்று ஒரே பேக்கேஜாக விற்பவர்களிடம் பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: பைத்தானில் எந்த வெர்ஷன், சி++-க்கு எந்தக் கம்பைலர், ஒரு வாரத்தில் நாமே உட்கார்ந்து டைப் அடிப்பது எத்தனை மணி நேரம். டர்போ என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம். ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியலில் தமிழ் ஒலியோடு பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பணம் கட்டுவதற்கு முன் அதில் பத்துப் பாடம் முடித்துப் பாருங்கள்.