உத்தரம் ஏன் ஒடிந்து தெரிகிறது? பழைய கட்டடங்களின் உட்புறப் பனோரமாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொட்டபெட்டா உச்சியில் நின்று சுற்றியுள்ள மலைகளைப் பத்துப் படங்களாக எடுத்து இணைத்துப் பாருங்கள். சற்று முன்பின் நகர்ந்து எடுத்திருந்தாலும் குறை தெரியாது. மேகத்துக்கு நேர்க்கோடு கிடையாது. எட்டு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் மலைக்கு, நீங்கள் ஓரடி விலகியது ஒரு பொருட்டே இல்லை. அதே கேமராவோடு ஊட்டியின் பழைய தேவாலயம் ஒன்றுக்குள் நுழைந்தால் நிலைமை தலைகீழ். தூண், உத்தரம், பெஞ்சு, சன்னல் சட்டம் என்று எங்கு திரும்பினாலும் நேர்க்கோடு. கையில் பிடித்து எடுத்த படங்களை மென்பொருள் இணைத்துத் தரும்போது நம் பிழைகள் எல்லாம் அந்தக் கோடுகளில்தான் வந்து உட்கார்கின்றன.

நான் முதன்முதலாக எடுத்த உட்புறப் பனோரமாவில் ஒரு தூணே காணாமல் போயிருந்தது. நீலகிரியில் ஒரு பழைய ஆலயம். இடப்பக்கம் ஆறு தூண்கள். படத்தில் ஐந்து. இணைப்பு அவ்வளவு வழவழப்பாக வந்திருந்ததால் இரண்டு வாரம் எனக்கே தெரியவில்லை. அங்கேயே ஞானஸ்நானம் பெற்ற பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். "ஒரு தூண் குறைகிறதே, தம்பி" என்றார். அந்தப் படத்தை அதற்குள் நான்கு பேருக்கு அனுப்பியிருந்தேன். ஒவ்வொருவரையும் அழைத்து, அதை அழித்துவிடச் சொன்னேன்.

இது அழகைப் பற்றிய கவலை மட்டுமல்ல. ஊட்டி புனித ஸ்தேவான் ஆலயம் 1829-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1831 ஈஸ்டர் நாளில் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. அதன் முக்கிய உத்தரமும் மரங்களும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் லால் பாக் அரண்மனையிலிருந்து கொண்டுவரப்பட்டவை. அப்படிப்பட்ட உத்தரத்தை நடுவில் வளைத்துக் காட்டும் படத்தை நாளை ஒருவர் பார்த்தால், மரம் தொய்ந்துவிட்டது என்றே நினைப்பார். பழைய கட்டடத்தின் படத்தை மக்கள் ஆதாரமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

எல்லாத் தவறுகளுக்கும் தாய், நின்ற இடத்தில் உடம்பைத் திருப்புவது. கால்களை ஊன்றி, கேமராவைக் கண்ணருகிலோ நீட்டிய கையிலோ பிடித்துச் சுழலும்போது கேமரா ஒரு வட்டத்தின் விளிம்பில் பயணம் செய்கிறது. இரண்டு படங்களுக்கு இடையே அது 30 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டர் தள்ளியுள்ள சுவர் ஏறக்குறைய 2 டிகிரி இடம் மாறித் தெரியும். 2 மீட்டரில் உள்ள தூணோ எட்டரை டிகிரி மாறிவிடும். சுவரைப் பொருத்தினால் தூண் இரண்டாகிறது. தூணைப் பொருத்தினால் சுவர் ஒடிகிறது. பள்ளிப் பாடத்தில் படித்த இடமாறு தோற்றப்பிழை இதுதான். எந்த மென்பொருளாலும் இதை உண்மையாகத் தீர்க்க முடியாது, மறைக்க மட்டுமே முடியும். என் தூணும் அப்படித்தான் மறைந்தது.

செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது. கேமரா செக்கின் உலக்கைபோல ஒரே இடத்தில் சுழல வேண்டும். நாம் அதைச் சுற்றி நடக்க வேண்டும். பல இடங்களில் கேமராவை நிறுத்தும் முக்காலிக்கு அனுமதி கிடையாது என்பதால், கொத்தனாரின் தூக்குக்குண்டைக் கடன் வாங்கலாம். லென்ஸின் அடியில் நூலைக் கட்டி, நுனியில் சிறிய எடை ஒன்றைத் தொங்கவிடுங்கள். தரையில் ஒரு நாணயத்தை வையுங்கள் (பழைய தரையில் டேப் ஒட்டாதீர்கள், பசை கறையாகிவிடும்). ஒவ்வொரு படத்துக்கும் எடை நாணயத்துக்கு நேர் மேலே, தரையைத் தொடாமல் நின்றால் போதும். நூலை எந்த இடத்தில் கட்டுவது என்பதும் முக்கியம். லென்ஸை முன்பக்கமிருந்து உற்றுப் பார்த்தால், ஒளி நுழையும் துளை உள்ளே எங்கோ இருப்பதுபோல் தெரியும். அந்த ஆழத்துக்கு நேர் கீழேதான் முடிச்சு விழ வேண்டும். கேமராவின் உடலில் அல்ல. இந்த ஒரு நூல் என் பிழைகளில் பெரும்பகுதியை நீக்கியது.

சிறிய அறைகளில் இன்னும் கவனம் தேவை. கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் ஜான் சல்லிவன் 1819-இல் கட்டிய பங்களா போன்ற இடங்களில் சுவர்களே அருகில் இருக்கும். ஆலயத்தில் மன்னிக்கப்படும் ஐந்து சென்டிமீட்டர் அசைவு அங்கே மன்னிக்கப்படாது. கைபேசியின் பனோரமா வசதியை அங்கே நம்பவே வேண்டாம். அது காட்சியை மெல்லிய பட்டைகளாக வெட்டி ஒட்டுவதால், கை சற்று ஆடினாலும் சன்னல் சட்டம் அலை அலையாகிவிடும். கைபேசிதான் இருக்கிறது என்றால் தனித்தனிப் படங்களாக எடுத்துப் பிறகு கணினியில் இணையுங்கள்.

படங்களின் எண்ணிக்கையில் கஞ்சத்தனம் கூடாது. முழு பிரேம் கேமராவில் (பழைய பிலிம் சட்டத்தின் அளவிலேயே சென்சார் உள்ளது) 24 மில்லிமீட்டர் லென்ஸை நெடுக்காகப் பிடித்தால் அகலவாக்கில் 53 டிகிரி கிடைக்கும். 30 டிகிரிக்கு ஒன்றாக 12 படங்கள் எடுத்தால் ஒரு சுற்று முடிகிறது. அடுத்தடுத்த படங்கள் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. கூரையும் வேண்டுமென்றால் மேல்நோக்கி இன்னொரு வரிசை.

ஒளி விஷயத்தில் நம் மலைக்கென்று தனிக் குணம் உண்டு. சன்னலுக்கு வெளியே மஞ்சு வந்து மூடும், ஒரு நிமிடத்தில் விலகும். கேமராவைத் தானியங்கியில் விட்டால் சன்னலைப் பார்க்கும்போது ஒரு வெளிச்சம், இருண்ட மரத்தைப் பார்க்கும்போது இன்னொன்று என்று அது முடிவெடுத்து, வெள்ளைச் சுவரில் பட்டை பட்டையாகக் கறை விழும். எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை), ஃபோகஸ் (குவியம்) மூன்றையும் பூட்டிவிட்டு ஒரு சுற்றை ஒரே மூச்சில் முடியுங்கள். நடுவில் மஞ்சு விலகினால் தயங்காமல் முதல் படத்திலிருந்து தொடங்குங்கள். ஷட்டர் வேகத்தைத் தாழ்த்திக் கை நடுக்கத்தை வாங்குவதைவிட ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன்) உயர்த்துவது மேல்; அதனால் படத்தில் தோன்றும் புள்ளிகளைக் குறைக்க வழி உண்டு, கலங்கிய கோட்டுக்கு வழி இல்லை. குளிரில் இருந்த கேமராவை ஆராதனை முடிந்த கதகதப்பான கூடத்துக்குள் கொண்டுசென்றால் லென்ஸில் ஈரம் படியும். பத்து நிமிடம் காத்திருங்கள், துடைத்துத் துடைத்துப் பயனில்லை.

இனி கணினி. ஒரே மாதிரியான பெஞ்சுகள், வளைவுகள், புத்தக அலமாரிகள் உள்ள இடத்தில் மென்பொருள் ஏமாறும்: மூன்றாம் பெஞ்சின் கைப்பிடியை நான்காம் பெஞ்சின் கைப்பிடி என்று பொருத்திவிடும். ஹூகின் போன்ற இலவச மென்பொருளில் பொருத்தப் புள்ளிகளை, அதாவது இரு படங்களிலும் ஒரே இடம் என்று அது கருதும் புள்ளிகளை, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். சுவர்க் கீறல், கல்வெட்டுப் பலகையின் எழுத்து, பூச்சு உதிர்ந்த மூலை போன்ற தனித்த அடையாளங்களில் நீங்களே புள்ளி வையுங்கள். தூணின் இரு முனைகளிலும் புள்ளியிட்டு அது செங்குத்துக் கோடு என்று சொல்லிவிட்டால், படம் முழுவதும் ரசமட்டம் வைத்ததுபோல் நிமிரும்.

சுற்றிலும் எடுத்த காட்சியை எந்த முறையில் தட்டையான படமாக்குகிறோம் என்பதில்தான் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள். எல்லா நேர்க்கோடுகளையும் நேராகவே காட்டும் முறை முதல் பார்வைக்குக் கவர்ச்சியானது. ஆனால் நடுவிலிருந்து 60 டிகிரி தள்ளியுள்ள பொருளை அது அகலவாக்கில் நான்கு மடங்கு இழுக்கிறது; ஓரத்துத் தூண் திண்ணை அகலம் ஆகிவிடும். காட்சியை உருளைமேல் பதித்து விரிப்பதுபோன்ற உருளை முறை தூண்களைக் காப்பாற்றும், உத்தரத்தை வில்லாக வளைக்கும். நீண்ட ஆலயக் கூடத்துக்கு நான் பெரும்பாலும் பானினி முறையையே தேர்வு செய்கிறேன். ரோமாபுரிக் கட்டடங்களின் உட்புறங்களை வரைந்த 18-ஆம் நூற்றாண்டு ஓவியரின் பெயர் அதற்கு. செங்குத்துக் கோடுகளும், நடுப்புள்ளியிலிருந்து விரியும் கோடுகளும் அதில் நேராக நிற்கின்றன. நடைபாதையின் நடுவே நின்று பலிபீடத்தை நோக்கி எடுத்தால், நீளவாக்கில் ஓடும் உத்தரங்கள் அந்த நடுப்புள்ளியை நோக்கியே செல்வதால் வளையாது.

தூணைத் தொலைத்த ஆலயத்துக்கு நூலும் நாணயமுமாக மீண்டும் சென்றேன். இம்முறை படம் எடுப்பதற்கு முன்பே தூண்கள், பெஞ்சு வரிசைகள், சன்னல்கள் என ஒவ்வொன்றையும் எண்ணி நோட்டில் குறித்துக்கொண்டேன். வீட்டில் இணைத்த பிறகு, படத்தை முழு அளவில் பெரிதாக்கி அந்தக் கணக்கோடு ஒப்பிட்டேன். உத்தரத்தின்மேல் ஒரு நேர்க்கோட்டைப் போட்டு முனைக்கு முனை பார்த்தேன். ஆறு தூண்களும் இருந்தன. இணைத்த படத்தோடு மூலப் படங்களையும் நோட்டுப் பக்கத்தின் நகலையும் ஒரே உறையில் போட்டு, அந்தப் பெரியவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.