பழைய வெந்நீர்த் தவலையை மறுபடி அடுப்பேற்றுவது எப்படி?

பரணில் கிடக்கும் செம்புத் தவலையைப் பாத்திரக் கடைக்குக் கொண்டுபோனால் எடைக்குத்தான் விலை சொல்வார்கள். அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். கொல்லையில் விறகடுப்பு போட இடம் இருந்தால் அதில் இன்றும் வெந்நீர் காய்ச்சலாம்.

முதலில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உலர்ந்த சிமென்ட் தரையில் வைத்து, கழுத்துவரை தண்ணீர் நிரப்பி, ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் அடியில் ஈரம் தெரிந்தால், பெரும்பாலும் தகடுகள் சேரும் இடத்திலோ, முன்பு யாரோ பற்றவைத்த இடத்திலோதான் கசியும். எங்கள் அத்தை வீட்டுத் தவலையின் அடியெல்லாம் பற்றுதான்.

அந்தப் பற்றுகளைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். செம்பு உருக 1,085 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். காரீயமும் வெள்ளீயமும் கலந்த பற்றோ 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். உள்ளே தண்ணீர் இருந்தால் தகட்டின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், பற்றும் தாங்கும். வெறும் தவலையைத் தீயில் வைத்தால் போச்சு. "தண்ணி ஊத்தாம தீ மூட்டாதே" என்று அத்தை தன் வீட்டுக்கு வந்த மருமகள்களிடமெல்லாம் சொல்வார். மொண்டு குளிக்கும்போதும் அடி தெரிய விடாமல் பச்சைத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள்.

பச்சைக் களிம்புக்குப் புளியும் கல்லுப்பும் போதும். கரைத்த புளியைத் தடவி, தேங்காய் நாரால் தேய்த்து, உடனே கழுவித் துணியால் துடையுங்கள். ஈரம் நின்றால் மறுபடி கறுக்கும். போர்வெல் தண்ணீரின் வெள்ளைப் படிவுக்குப் புளித்தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஊறவிடலாம். வெளிக்கரிக்குச் சாம்பல். அடுத்த தடவை தீ மூட்டும் முன் அடியில் ஈரச் சாம்பலோ களிமண்ணோ பூசிவிட்டால் கரி தகட்டில் ஒட்டாது, கழுவும்போது மண்ணோடு வந்துவிடும்.

பாலிஷ் போடும் மெஷினுக்கு மட்டும் கொடுக்காதீர்கள். பளபளவென்று வரும், சரி. ஆனால் கழுத்தில் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர் தேய்ந்துபோகும். பலருக்கு அது பாட்டியின் சீர்ப் பாத்திரம் என்பதற்கு இருக்கும் ஒரே அடையாளம் அந்தப் பெயர்தான்.

இந்தத் தண்ணீர் குளிக்கவும் துணி அலசவும் மட்டும். பற்றில் காரீயம் இருக்கும் என்பதால் குடிக்கவோ சமைக்கவோ எடுக்க வேண்டாம்.