மைக்ரோவேவ் அவன்: பெட்டியைவிடப் பாத்திரத்தைக் கவனியுங்கள்

பெரம்பூர், அயனாவரம் பக்கம் வீடு வீடாகப் போய் மைக்ரோவேவ் சரிசெய்வது என் வேலை. போகிற இடமெல்லாம் முதல் கேள்வி, "தம்பி, இதுல இருந்து கதிர் வெளிய வருமா?" என்பதுதான். கதவு சரியாக மூடி, கண்ணாடிக்குள் இருக்கும் உலோக வலை சேதமில்லாமல் இருந்தால் பயமில்லை. மைக்ரோவேவ் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர்; வலையின் ஓட்டையோ ஒன்றிரண்டு மில்லிமீட்டர். அது வழியாக வர முடியாது. கதவு கோணலாகத் தொங்கினாலோ, திறந்த பிறகும் ஓடினாலோ, பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

எனக்குக் கவலை பாத்திரத்தைப் பற்றித்தான். நம் அடுப்படியில் பாதிக்குமேல் எவர்சில்வர். பழக்கதோஷத்தில் கிண்ணத்தோடு சாம்பாரை உள்ளே வைத்துவிடுகிறோம். தங்க நிறக் கரை போட்ட பீங்கான் கப்பும், பிரியாணி வந்த அலுமினிய டப்பாவும்கூட அப்படியே உள்ளே போகின்றன. ஓட்டல் பார்சலில் ஒட்டியிருக்கும் ஸ்டேப்ளர் பின் ஒன்று போதும், பொறி பறக்க. மெலமைன் தட்டு தானே சூடாகி விரிசல் விடும். பார்சல் கவரோடு சாம்பாரைச் சுட வைக்கவே வேண்டாம்.

ஒரு பாத்திரத்தில் சந்தேகம் இருந்தால், உலோகம் கலக்காததுதானா என்று முதலில் பாருங்கள். பிறகு அதைக் காலியாக உள்ளே வைத்து, பக்கத்தில் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து ஒரு நிமிடம் ஓட்டுங்கள். தண்ணீர் சுட்டு, பாத்திரம் சுடாமல் இருந்தால் சரி. கிரில் மோடுக்கும், சூடான காற்றால் சுடும் கன்வெக்‌ஷன் மோடுக்கும் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே பிளாஸ்டிக் உருகிவிடும்.

உள்ளே பக்கவாட்டில் பழுப்பு அட்டை மாதிரி ஒன்று தெரியும். அதுதான் மைக்கா ஷீட். அலை அதன் வழியாகத்தான் உள்ளே வருகிறது. குழம்பும் எண்ணெயும் தெறித்து அதில் காய்ந்தால், அந்த இடம் கருகி, படபடவென்று பொறி கிளம்பும். "மெஷின் போச்சு" என்று பதறி என்னை அழைப்பார்கள். பல நேரம் அந்த ஷீட்டை மாற்றினாலே போதும். சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். ஓட்டை விழுந்த ஷீட்டோடு மட்டும் ஓட்டாதீர்கள். தெறிப்பதைத் தடுக்க மூடி போட்டுச் சுட வையுங்கள், ஆவி போக இடம் விட்டு. எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரைச் சில நிமிடம் சுடவைத்து, ஆறியபின் ஈரத்துணியால் துடைத்தால் கறை விட்டுவிடும்.

அப்பளம் எண்ணெயில்லாமல் பொரிப்பது நல்ல வழிதான். ஆனால் அது சில நொடி வேலை, கிட்டேயே நில்லுங்கள். கறிவேப்பிலை காயவைக்கும்போதும் அப்படியே. உள்ளே தீப்பிடித்தால் கதவைத் திறக்காதீர்கள். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள். காற்றில்லாமல் தீ தானாக அடங்கும்.

ஓடோடு முட்டை கூடாது. அவித்து உரித்த முட்டையைச் சுட வைத்தாலும் கடிக்கும்போது வெடிக்கலாம். வழவழப்பான கண்ணாடி டம்ளரில் வெறும் தண்ணீர் கொதிநிலையைத் தாண்டியும் குமிழி விடாமல் நிற்கலாம். காபித்தூள் போட்ட நொடியில் பொங்கி கையைச் சுட்டுவிடும். தண்ணீரில் ஒரு மரக்குச்சியைப் போட்டு வைத்துச் சுட வையுங்கள். குழந்தையின் பால் பாட்டிலை உள்ளே வைக்கவே வேண்டாம். வெளியே வெதுவெதுப்பாக இருக்கும்; உள்ளே பால் ஓரிடத்தில் மட்டும் நாக்கு வேகிற அளவு சுடும்.

சோறு நடுவில் சில்லென்று இருக்கும். தண்ணீர் தெளித்து, பாதியில் கிளறி, மறுபடி சுடவையுங்கள். சென்னை வெக்கையில் ராத்திரி முழுக்க வெளியே கிடந்த சோற்றைச் சுடவைத்தும் காப்பாற்ற முடியாது. அதில் உண்டான நச்சு சூட்டில் அழியாது.

பிளக் விஷயம். மிக்ஸி போடும் சின்ன பாயின்டும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வேண்டாம். எர்த் உள்ள பவர் பிளக் வேண்டும். கன்வெக்‌ஷன் மாடல்களில் சில 2000 வாட்டுக்கும் மேல் இழுக்கும்.

கடைசியாக, வெளிக்கூட்டைக் கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் கெபாசிட்டரில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். நாங்களே அதை டிஸ்சார்ஜ் செய்துவிட்டுத்தான் கை வைப்போம். ஃபியூஸ் மாற்றுகிற வேலையாக இருந்தாலும் ஆளை அழையுங்கள்.