முதலாம் வகை நீரிழிவு: சென்சர் தரவை வீட்டிலிருந்தே வைத்தியருக்குக் காட்டுவது எப்படி?

திருகோணமலையில் இருந்து கண்டிக்கோ கொழும்புக்கோ போய் அகஞ்சுரப்பி நிபுணரைப் பார்ப்பவர்களுக்குத் தெரியும், இரவுப் பயணம் செய்து, காத்திருந்து உள்ளே போனால் முதல் கேள்வி "சீனி எப்படிப் போகுது?" என்பதுதான். அதற்கான பதிலை வீட்டிலிருந்தே அனுப்பிவைக்கலாம்.

முதலில் கருவி. மேற்கையின் பின்புறம் ஒட்டும் சென்சர் தோலுக்கடியில் உள்ள திரவத்தில் சீனியை அளந்து ஃபோனுக்கு அனுப்பும். லிப்ரே 2 என்றால் 14 நாள், டெக்ஸ்கொம் ஜி6 என்றால் 10 நாள் ஓடும். வாங்கமுன் உங்கள் ஃபோனில் அதன் செயலி இயங்குமா என்று பாருங்கள். விலை கட்டுப்படியாகாவிட்டால் புளூடூத் குளுக்கோமீட்டரிலேயே தொடங்கலாம்: சாப்பிடமுன், சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில், படுக்கமுன்.

ஒட்டும் இடத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, முழுக்கக் காயவிட்டு ஒட்டுங்கள். நம் ஊர் வியர்வைக்கு இது முக்கியம். நிலாவெளியில் கடல் குளிக்கலாம், ஆனால் லிப்ரே 2 தாங்குவது 1 மீற்றர் ஆழத்தில் 30 நிமிடம்தான்.

அடுத்தது இணைப்பு. செயலியில் கணக்கைத் திறந்து, கிளினிக்கில் தரும் குறியீட்டைப் போட்டுப் பகிர்வை இயக்கினால் (லிப்ரேக்கு லிப்ரேவியூ, டெக்ஸ்கொமுக்குக் கிளாரிட்டி) வைத்தியர் தன் கணினியில் பார்ப்பார். கையோடு வீட்டில் ஒருவரின் ஃபோனுக்கும் எச்சரிக்கை போகிற மாதிரிச் செய்துவிடுங்கள்.

சரி, இனித்தான் பெரிய வேலை. செயலி வரையும் சீனிக் கோட்டை மட்டும், குறிப்பு எதுவும் இல்லாமல் வைத்துக்கொண்டு எந்த வைத்தியராலும் சரியான முடிவு எடுக்க முடியாது. காலையில் ஐந்து இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு, ஒன்பது மணிக்கு 260 (mg/dL) காட்டுகிறது என்று வையுங்கள். வெறும் கோட்டைப் பார்த்தால் இன்சுலின் போதவில்லை என்றுதான் தோன்றும், ஆனால் "ஊசி சாப்பிட்ட பிறகுதான் போட்டது" என்று செயலியில் ஒரு வரி இருந்தால் அளவைக் கூட்டாமல் ஊசி நேரத்தை முன்னுக்குக் கொண்டுவரச் சொல்லக்கூடும். என்ன சாப்பாடு, எத்தனை, எத்தனை யூனிட், எத்தனை மணிக்கு, விளையாடியதா, காய்ச்சலா என்று அந்தந்த நேரமே பதியுங்கள், இரவில் யோசித்து எழுதுவது சரிவராது.

இரண்டு கிழமைத் தரவு சேர்ந்ததும் அறிக்கையைத் திறந்து, தாழ்ந்த இடங்களை முதலில் பாருங்கள். பெரும்பாலானோருக்கு இலக்கு: சீனி 70 முதல் 180 வரையான எல்லைக்குள் இருப்பது மொத்த நேரத்தில் 70 வீதத்துக்கு மேல், 70க்குக் கீழே இருப்பது 4 வீதத்துக்குள், அதாவது நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவாக. நடுச்சாமத்தில் கோடு திடீரென விழுந்து எழும்பினால், சென்சர் உள்ள கையில் படுத்து அது அமுங்கியதால் பொய்யாகக் குறைத்துக் காட்டியிருக்கலாம். உடம்பு சொல்வதும் எண்ணும் ஒத்துவராவிட்டால் விரலில் குத்திப் பாருங்கள். இன்சுலின் அளவை மட்டும் நீங்களாக மாற்றாமல், அறிக்கையை அனுப்பிக் கேளுங்கள்.

ஒன்றை வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள்: வைத்தியர் அந்தத் திரையை இருபத்துநாலு மணித்தியாலமும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. 70க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள், ஏறாவிட்டால் இன்னொரு தடவை. மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. சீனி ஏறியிருக்க வாந்தியோ மூச்சிரைப்போ வந்தால் மெசேஜ் போட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.