டாபிக் வேறு, தீசிஸ் வேறு: கட்டுரைச் சொற்களைப் பிரித்துப் பார்ப்பது எப்படி

வெளிநாடு போக எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ்-க்குப் படிக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகள், திருத்திய கட்டுரைத் தாளை வாங்கும்போது ஓரத்தில் அடிக்கடி பார்க்கும் சிவப்பு மைக் குறிப்பு, ‘தீசிஸ் எங்கே?’. “அதான் தலைப்புலயே இருக்குதுங்களே” என்பார்கள். தலைப்பில் இருப்பது டாபிக்தானுங்க, தீசிஸ் என்பது அதைப் பற்றி நீங்கள் நிலைநாட்ட வரும் கருத்து.

டாபிக் என்றால் எதைப் பற்றி எழுதுகிறோம் என்பது, அவ்வளவுதான். ‘திருப்பூர் சாயப்பட்டறைகளும் நொய்யல் ஆறும்’ என்பது டாபிக். ‘சாயக்கழிவால் நொய்யல் கெட்டது’ என்று எழுதினால் வாக்கியம் ஆகிவிட்டது, ஆனாலும் தீசிஸ் ஆகவில்லை, ஏனென்றால் படிப்பவர் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ‘பட்டறைகளை மூடுவதைவிட, கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியே போகாத முறையைக் கண்டிப்பாக நடத்த வைப்பதே நொய்யலைக் காக்கும்’ என்று சொல்லிப் பாருங்கள். அவிநாசி ரோட்டு டீக்கடை எதிலாவது இதைச் சொன்னால் பட்டறைக்காரர் செலவுக் கணக்கைத் தூக்கிக்கொண்டு வருவார், ஒரத்துப்பாளையம் அணைப் பக்கத்து விவசாயி “மூடுனாத்தான் சரிப்படும்” என்பார். மறுத்துப் பேச ஆள் இருந்தால் அது தீசிஸ். (பிஎச்டி-க்குக் கட்டுக்கட்டாகக் கொடுப்பதையும் தீசிஸ் என்பதால்தான் பாதிக் குழப்பம், கட்டுரைக்கு ஒரு வாக்கியம் போதும்.)

ஆர்க்யுமென்ட் என்றதும் வாய்ச்சண்டை என்று நினைக்க வேண்டாம். தீசிஸை நம்ப வைக்க நீங்கள் அடுக்கும் காரணங்கள் மொத்தமும் சேர்ந்ததுதான் அது. அதில் ஒவ்வொரு தனிக் கூற்றும் ஒரு க்ளெய்ம், அதைத் தாங்கும் தகவல் எவிடென்ஸ். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது, இது எவிடென்ஸ். ஆனால் இதை மட்டும் எழுதிவிட்டு அடுத்த பத்திக்குத் தாவினால் எந்தப் பக்கம் பேசுகிறீர்கள் என்றே தெரியாது. அதே உத்தரவை வைத்து ‘மூடும் அளவுக்கு ஆறு கெட்டிருந்தது’ என்றும் சொல்லலாம், ‘கூலியாட்களின் பிழைப்பு போனது’ என்றும் சொல்லலாம். ‘ஆகவே என்ன?’ என்பதற்கு ஒரு வரி எழுதுங்கள், அந்த வரிதான் அனாலிசிஸ். பெரும்பாலான தாள்களில் காணாமல் போவது இதுதான்.

தீம் பெரும்பாலும் கதை, கவிதைக்கான சொல். படைப்பு முழுக்க அடியில் ஓடும் கருத்து அது. கேள்வியில் தீம் கேட்டிருந்தால் கதைச் சுருக்கத்தை எழுதி வைக்காதீர்கள், சரிங்களா?

அப்புறம் கோஹிரன்ஸ், கோஹிஷன். ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வில் மதிப்பெண் தரும் நான்கு அளவுகோல்களில் இவை இரண்டும் சேர்ந்து ஒன்று, அதனால் இரண்டும் ஒன்றே என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். எண்ணங்கள் வரிசையாக, ஒன்றிலிருந்து ஒன்று பிறந்து வருவது கோஹிரன்ஸ். வாக்கியங்களை வாக்கியங்களோடு கட்டும் இணைப்புச் சொற்களும் சுட்டுச் சொற்களும் கோஹிஷன். மோர்ஓவர், ஃபர்தர்மோர் என்று வரிக்கு வரி தெளித்தால் கோஹிரன்ஸ் வந்துவிடாது. இணைப்புச் சொற்களையெல்லாம் பென்சிலால் அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள், அப்போதும் பேச்சு புரிந்தால் கோஹிரன்ஸ் இருக்கிறது.

கேள்வியில் உள்ள வினைச்சொல்லையும் விட்டுவிடாதீர்கள். டிஸ்க்ரைப் என்றால் விவரித்தால் போதும். ‘டிஸ்கஸ் போத் வியூஸ் அண்ட் கிவ் யுவர் ஒபினியன்’ என்றால் இரண்டு தரப்பும் வேண்டும், உங்கள் கருத்தும் வேண்டும், ஒன்று விட்டாலும் மதிப்பெண் குறையும். எழுத்துத் தேர்வின் இரண்டாம் பகுதியான கட்டுரைக்கு 40 நிமிடம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள், குறைந்தது 250 சொற்கள். எழுதத் தொடங்கும் முன் தீசிஸை ஒரு வரியில் குறித்து வைத்துக்கொண்டால் நடுவில் பாதை மாறாது.